வாளி நிறைய எத்தனை பிடி

உன் மஞ்சள் வாளி என் முன்னால் இருக்கிறது. பெயின்ட் வந்த வாளி. கைப்பிடிக் கம்பி என்றோ கழன்றுபோய், அந்த இடத்தில் நீ முறுக்கிக் கட்டிய நைலோன் கயிறு. உள்பக்கம், விளிம்புக்கு நாலு விரல் கீழே, சிவப்புக் கியூடெக்ஸ் நகப்பூச்சால் நீ இழுத்த கோடு. தொடங்கிய இடத்தில் தடிப்பாக இருக்கிறது, சுற்றி வரும்போது மெலிந்து, சேர வேண்டிய இடத்தில் சேராமல் அரை விரல் கீழே போய் முடிகிறது. "கோடு கோணலா இருக்குடி" என்று அன்றைக்குச் சொன்னேன். "தண்ணி நேராத்தான் நிக்கும், நீ கவலப்படாத" என்றாய்.

நேற்று பீலியடியிலிருந்து இதைத் தூக்கி வந்தேன். உன் அம்மா அங்கே துணி அலசிக்கொண்டிருந்தார். எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எடுத்துக்கிட்டுப் போம்மா, அவ இல்லாம அது சும்மாதானே கெடக்கு" என்று நிமிராமலே சொன்னார். என் கால் நகங்களுக்கிடையில் அந்த இடத்துச் சேறு இன்னும் இருக்கிறது. கழுவினால் போய்விடும். கழுவ மனமில்லாமல் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று நேற்று நடந்தது. மற்றது நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது.

பூனாகலைப் பக்கத்து மலையில், நம் தேயிலைத் தோட்டத்து மேல்டிவிசனில், வரிசைவீடுகளாக மூன்று லயங்கள். மூன்றுக்கும் ஒரே பீலி. பாறை இடுக்கில் ஊறுகிற தண்ணீரை ஒரு குழாய்த் துண்டில் ஏந்தி விழவிட்ட இடம். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். நீ லயத்தின் முதல் காம்பரா அறையில் பிறந்தாய், நான் கடைசிக் காம்பராவில். ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தோம். ஆசிரியர் கேட்கிற கேள்விக்கு எனக்கு விடை தெரிந்தாலும் வாய் வராது. நீதான் என் கொப்பியைப் பார்த்துவிட்டு எழுந்து சொல்வாய். பாராட்டு உனக்குக் கிடைக்கும். "வாயிருக்கு எனக்கு, மூளையிருக்கு இவளுக்கு, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மார்க் போடுங்க சேர்" என்று ஒருமுறை சொல்லி அடி வாங்கினாய்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு உன் அம்மாவின் முழங்கால் போயிற்று. நீ தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தாய். நான் படித்தேன், எப்படியோ பல்கலைக்கழகம் கிடைத்தது. பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்ற காலையில் நீ கொழுந்துக்குப் போகிற படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டே ஓடி வந்தாய். அழுவாய் என்று நினைத்தேன். "போ, போ. படிச்சுட்டு வந்து எனக்கு ஒரு குழாய் போட்டுக் குடு. வாசல்ல தொறந்தா ஊத்தணும்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அதை நான் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டேன் என்று உனக்குத் தெரியாது.

புவியியல் படித்து முடித்துப் பதுளையில் நீர் வழங்கல் அலுவலகத்தில் வேலை கிடைத்துத் திரும்பியபோது பீலி மெலிந்திருந்தது. கிழமை நாட்களில் பதுளையில் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வருவேன். ஒவ்வொரு வெள்ளியும் வாளிகளின் வரிசை ஒரு வீடு நீண்டிருக்கும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நேரமாகிறவர்களுக்கு முதலிடம் என்று லயத்தில் ஒரு சட்டம் இருந்தது. அதை யாரும் மதிப்பதாக இல்லை. நீ மதிக்க வைத்தாய், சத்தம் போட்டு.

அந்த நாட்களில்தான் பல்கலைக்கழக நூலகத்தில் குறிப்பெடுத்த கொப்பியை உனக்குக் காட்டினேன். இந்தியாவில் மழை குறைந்த இடங்களில் ஆட்கள் காலங்காலமாகத் தண்ணீரை எப்படி மண்ணுக்குள் இறக்கி வைத்தார்கள் என்று எழுதியிருந்தேன். ராஜஸ்தானில் பிறை வடிவத்தில் மண்கரை போட்டு ஓடுகிற மழையை நிறுத்துவார்கள், சில மாதங்களில் பக்கத்துக் கிணறுகள் ஊறும். இமயமலைப் பக்கத்துக் கிராமங்களில் ஊற்றுக்கு மேலே, மலை முதுகில், சின்னச் சின்னக் குழிகள் வெட்டி வைப்பார்கள், குழியில் நின்ற மழை உள்ளே இறங்கிக் கீழே ஊற்றாக வரும். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் ஊருணி, கண்மாய். ஒன்று நிறைந்து மற்றதற்கு வழியும், கரைக் கிணறுகளில் தண்ணீர் ஏறும்.

நீ சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாய். சிவகங்கை என்றதும் கையை நிறுத்தினாய்.

"அது எங்க பூட்டன் ஊருல்ல?"

"ஆமா."

"அங்க தண்ணி இல்லாமத்தானே கப்பலேறி இங்க வந்தாங்க? அவங்ககிட்டயா போயி தண்ணி சேக்கக் கத்துக்கிறது?"

பதில் மூன்று நாள் கழித்துப் பதுளையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வந்தது. கண்மாய்கள் தூர்ந்த காலத்தில்தான் அவர்கள் கிளம்பியிருப்பார்கள், வெட்டிய காலத்தில் இல்லை. அதைச் சொல்ல அடுத்த வெள்ளி வரைக்கும் காத்திருந்தேன். நீ அதற்குள் அந்தப் பேச்சையே மறந்து, வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தாய்.

"உன் புத்தகத்துல இருக்குறது நம்ம கான்தானேடி" என்றாய். தேயிலைச் சரிவில் குறுக்கே வெட்டுகிற வாய்க்காலைத்தான் நாம் கான் என்போம். என் அப்பா முப்பது வருடம் அதை வெட்டியவர். கானுக்குள் நாலைந்து அடிக்கு ஒரு மண்வரம்பு விடுவார்கள். வரம்புக்கு நடுவே குழி. மழையோடு வருகிற மண் அதில் தங்கும், தண்ணீரும் தங்கும். "மழ விட்டு ரெண்டு நாளைக்கு அந்தக் குழியில தண்ணி நிக்கும். நான் அதுலதான் காலக் கழுவுவேன். இப்ப கான் வெட்ட ஆள் விடுறதில்ல. எல்லாம் மண்ணு மூடிக் கெடக்கு. பேஞ்சது பேஞ்ச கையோட ஓடைக்குப் போயிருது. பீலி எங்கயிருந்து ஊறும்?"

நான் மூன்று வருடம் படித்ததை நீ கால் கழுவிக்கொண்டே பார்த்திருந்தாய்.

குழி வெட்டுவது என்று முடிவாயிற்று. எங்கே என்பதில் நான் பிழைவிட்டேன். பீலிக்கு நேர் மேலே, லயத்துப் பின்பக்கச் சரிவில் வெட்டலாம் என்று கொப்பியில் படம் போட்டு வந்தேன். நீ படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய். "நம்ம தலைக்கு மேல தண்ணியக் கட்டி வைக்கச் சொல்றியா? மழைக்கு மண்ணு சரிஞ்சு போன லயமெல்லாம் நீ பாக்கலயா? படிச்சவளாம்." அந்த வாரம் முழுக்க யோசித்து, ரோட்டு வெட்டில் பாறை அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று நடந்து பார்த்தேன். மலை முதுகுக்கு அந்தப் பக்கம், கைவிட்ட பழைய தேயிலை மானாப்புல் மூடிக் கிடக்கிற தட்டு ஒன்று உண்டு. கீழே வீடுகள் இல்லை. மண் சரியாத சமதரை. பாறை அங்கிருந்து நம் பக்கமாகத்தான் சாய்ந்து வருகிறது. உன்னைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "ஆமா, கல்லு நம்ம வீட்டப் பாத்துத்தான் படுத்திருக்கு" என்றாய். எனக்குக் கிடைத்த பட்டங்களில் அதுவும் ஒன்று.

போயா விடுமுறை நாட்களில் வெட்டினோம். நீ, நான், உன்னோடு கொழுந்தெடுக்கிற மூன்று பேர். எவ்வளவு நீளம் என்று நான் அளவுநாடா தேட, நீ புல்லில் மல்லாந்து படுத்து, "என் நீளத்துக்கு வெட்டுங்கடி, முழங்கால் ஆழம் போதும்" என்றாய். பதினொரு குழியும் உன் நீளம். அதை நான் இப்போது நினைக்கக் கூடாது.

பலன் தெரிய வேண்டுமானால் அளக்க வேண்டும் என்றேன். பீலியில் இந்த வாளியை வைத்து, கோடு வரை நிறைய எத்தனை செக்கன் ஆகிறது என்று தினமும் காலையில் கொப்பியில் எழுதச் சொன்னேன். நான் பதுளையில் இருப்பேன், நீதான் செய்ய வேண்டும். நீ ஒரு நாள் விடாமல் எழுதினாய். கோணல் எழுத்தில் திகதி, பக்கத்தில் ஒரு எண். இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை உன்னோடு பீலிக்கு வந்தேன். நீ வாளியை வைத்துவிட்டு எழும்பி நின்று, இரண்டு கையாலும் காற்றில் கொழுந்து பறிக்கத் தொடங்கினாய். உதடு அசைந்தது. வாளி நிறைந்ததும் "எழுபத்தெட்டு" என்றாய்.

"என்ன எழுபத்தெட்டு?"

"பிடி."

"பிடியா? செக்கன்லதானே எழுதச் சொன்னேன்?"

"செக்கனப் பாத்துக்கிட்டு நிக்க எனக்கு நேரமிருக்கா? போன நனைக்கச் சொல்றியா? என் கை ஒரே வேகத்துலதான் ஓடும். கங்காணி கத்துனாலும் மாறாது, அட்டை கடிச்சாலும் மாறாது. வேணும்னா உன் கடியாரத்தத் திருத்திக்க."

இரண்டு மாதக் கணக்கு முழுக்கப் பிடியில். எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் பேசாமல் இருப்பேன். நீ அதையும் கேலி செய்தாய். பிறகு செக்கனும் பார்த்து எழுதுவோம் என்று சொல்லிக்கொண்டோம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று அது தள்ளிப் போயிற்று. எண்கள் குறையத் தொடங்கிய மகிழ்ச்சியில் எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. முதல் வருட வறட்சியில் தொண்ணூற்றைந்து பிடி. மழை வந்து குழிகள் நிறைந்து போன பிறகு அடுத்த வறட்சியில் அறுபத்திரண்டு. அதே மாதம், அதே வாளி, அதே கை. வரிசை பாதியாயிற்று. "இன்னும் ரெண்டு வருசம். குழாய் வாசலுக்கு வந்துரும்" என்று நீ லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாய்.

இனித்தான் நான் சொல்லாதது.

மாரியம்மன் திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு. கரகம் பாலிப்பது நம் பீலியடியில்தான். அங்கே பூச்சோடித்து, தண்ணீர் நன்றாக விழ, மேளத்தோடு கரகம் எழும்ப வேண்டும். ஒவ்வொரு வருடமும் திருவிழாவுக்கு முன் ஊற்றுக்கண்ணைத் துப்புரவாக்குவது வழக்கம். இலை சருகு அள்ளுவார்கள், அவ்வளவுதான். அந்த வருடம் கோயில் கமிட்டிக்கு அது போதவில்லை. கரகம் எழும்பும்போது தண்ணீர் நூலாக விழுந்தால் கீழ்டிவிசன்காரன் சிரிப்பான் என்றார்கள். அலவாங்குக் கடப்பாரை கொண்டுவந்தார்கள். அதைப் பிடித்திருந்தது என் அப்பா.

நீ அன்றைக்கு ஞாயிற்றுக் கொழுந்துக்குப் போயிருந்தாய். நான் தண்ணீர் பிடிக்க வந்து நின்றேன். ஊற்றுக்கண்ணுக்கு அடியில் ஒரு களிமண் படிவு உண்டு. தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் அதுதான் ஏந்திக்கொண்டிருந்தது. அதை உடைத்தால் கொஞ்ச நாள் கொட்டும், பிறகு உள்ளே இறங்கிவிடும். எனக்குத் தெரியும். என் வாய்க்குள் அந்த வாக்கியம் முழுதாக இருந்தது. இருபது ஆண்கள் நின்றார்கள். அப்பா அலவாங்கை ஊன்றிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பெருமையோடு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்னம்மா, தோண்டலாம்ல? நீ படிச்ச புள்ள, சொல்லு" என்றார்.

நான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்ல முடியாமல் போனது மட்டுமில்லை. சரி என்று தலையாட்டினேன். அப்பா "எம் பொண்ணே சொல்லிருச்சு" என்று சிரித்துக்கொண்டே அலவாங்கை இறக்கினார்.

தண்ணீர் கொட்டியது. கரகம் அழகாக எழும்பியது. இரண்டு வாரம் வாளி இருபது பிடியில் நிறைந்தது. பிறகு நூறு, பிறகு நூற்றைம்பது. ஓடைக்குப் பக்கத்தில், பீலிக்கு நாலு ஆள் உயரம் கீழே, கற்களுக்கிடையில் புதிதாக ஒரு கசிவு தெரிந்தது. நம் தண்ணீர் அங்கே போய்க்கொண்டிருந்தது, யாரும் வாளி வைக்க முடியாத இடத்தில்.

நீ ஊற்றுக்கண்ணைக் குனிந்து பார்த்தாய். உடைந்த களிமண் துண்டைக் கையில் எடுத்தாய். பிறகு என்னைப் பார்த்து, சத்தம் போடாமல், "நீ இங்கதானே நின்ன?" என்றாய்.

"ஆமா" என்றேன். தலையாட்டியதைச் சொல்லவில்லை.

நீ திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். லயத்தில் ஆட்கள் நம் குழிகளைத்தான் குறை சொன்னார்கள். "மாட்டுக்குக் குளமா வெட்டுனீங்க?" என்றார்கள். உன்னோடு வெட்டிய மூவரும் அந்தப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். நீ மட்டும் கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தாய். நான் வெள்ளிக்கிழமை வந்தால், உன் காம்பராவைத் தாண்டாமல் சுற்றுப் பாதையால் போனேன். நாலு மாதம் அப்படி. நீ என்ன நினைத்தாயோ. உத்தியோகம் வந்ததும் தலைக்கனம் என்று நினைத்திருந்தால்கூட அது உண்மையைவிட நல்லது.

அதற்குப் பிறகு பன்னிரண்டாம் நம்பர் மலையில் குளவி கிளம்பியது. ஏழு பேரைக் கொட்டியது. ஆறு பேர் வீட்டுக்கு வந்தார்கள். உன்னை லொறியில் பதுளைக்குக் கொண்டுவந்தபோது நான் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கூட்டத்தில் இருந்தேன். போனின் சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன், அடித்தால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று. பின்னேரம் பார்த்தபோது பதினான்கு அழைப்பு. அந்த எண்ணை நான் எதனாலும் மாற்ற முடியாது.

இனி நேற்றைய கதைக்கு வருகிறேன்.

இந்த ஓகஸ்ட் வறட்சியில் நம் லயத்து ஆட்கள் தண்ணீர் பவுசர் வண்டி கேட்டு ஒரு கடிதம் எழுதினார்கள். அது பல மேசைகள் ஏறி இறங்கி நவம்பர் மழையில் என் மேசைக்கு வந்தது. வெளியே ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது, உள்ளே நான் தண்ணீர் இல்லை என்கிற கடிதத்துக்கு இலக்கம் போடுகிறேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பேனாவின்மேல் கோபப்பட்டேன். இந்த மலைக்கு வருடத்தில் விழுகிற மழையில் ஒரு துண்டு கிடைத்தால் ராஜஸ்தான்காரன் கும்பிடுவான். நாம் அதை ஓடைக்கு வழியனுப்பி வைத்துவிட்டு, பவுசர் கேட்டு எழுதுகிறோம்.

கூட்டம் வைத்தார்கள். எங்கள் பொறியியலாளர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். ஊற்றுக்கண்ணை நாலடி தோண்டி, கொங்கிரீட் தொட்டி கட்டி, குழாய் போடலாம் என்றார். வருடம் முடிவதற்குள் வேலை முடிய வேண்டும். நான் உன் கொப்பியைக் கொண்டுபோயிருந்தேன். எழும்பினேன். எழும்பியதே எனக்குப் பெரிய விடயம்.

"தோண்டினா தண்ணி எறங்கிரும் சேர். மேல குழி வெட்டுனப்ப கூடிச்சு. இதுல எழுதியிருக்கு."

அவர் கொப்பியை வாங்கிப் புரட்டினார். "நல்லாத்தான் எழுதியிருக்கினம். உது என்ன பிள்ளை, செக்கனோ?"

"பிடி சேர்."

"பிடியோ?"

"கொழுந்து பிடிக்கிற பிடி. வாளி நிறையறதுக்குள்ள எத்தனை பிடி..."

யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. அவர் கொப்பியை மெதுவாக மூடித் தந்தார். "பிள்ளை, உதை வச்சு நான் அறிக்கை எழுதேலாது. ஒரு பிடி எத்தனை செக்கன் எண்டு ஆருக்குத் தெரியும்? மற்றது, மலையிலை குழி வெட்டித் தண்ணியை நிறுத்த, நாளைக்கு மண் சரிஞ்சா ஆர் பொறுப்பு?"

குழிகள் லயத்துக்கு மேலே இல்லை, அந்தப் பக்கத் தட்டில் இருக்கின்றன. ஒரே வாக்கியம். நீ எனக்குச் சொல்லிக் கொடுத்த வாக்கியம். நான் உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அது முழுதாக, அழகாக வந்தது. ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பெண் தள்ளி உட்கார்ந்தார்.

அடுத்த இரண்டு கிழமை நான் உன் கூட்டாளிகளிடம் போய், அவள் வேகத்தில் பறித்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். மூன்று பேரும் மூன்று வேகம். "அவ கை யாருக்கும்மா வரும்" என்றார்கள். கடியாரம் வைத்துப் பார்த்தேன், ஒன்றுக்கொன்று சேரவில்லை. இரண்டு வருடக் கணக்கு கையில் இருக்கிறது. அதைத் திறக்கிற கை இல்லை. ஒரே ஒரு சனிக்கிழமை உன் பிடியோடு நான் போனில் செக்கனையும் பார்த்திருந்தால் போதும். உன்மேல் கோபம் வருகிறது. பிறகு என்மேல். பிறகு திரும்ப உன்மேல்.

நேற்றுக் காலை கொத்தனார் பாஸ் ஒருவர் இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினார். கல் உடைக்கிற மெஷின், அலவாங்கு, சீமெந்து. லயத்து ஆட்கள் சந்தோஷமாக வந்து சுற்றி நின்றார்கள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்கள். அலவாங்கு கல்லில் சாத்தி வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஊற்றுக்கண்ணில் இறங்கி நின்றேன். யோசித்துச் செய்ததில்லை. யோசித்திருந்தால் வீட்டுக்குள் போயிருப்பேன்.

"மிஸ், கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க."

"இங்க தோண்டக் கூடாது."

"எனக்கு அது தெரியாது மிஸ். பேப்பர்ல தோண்டச் சொல்லியிருக்கு."

"தெரியும். நானும் அந்த ஒப்பீஸ்தான்."

அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் அதற்கு மேல் வரவில்லை. ஆகையால் நின்றேன். கால் குளிர்ந்தது. உன் அம்மா துணியை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ "இந்தப் புள்ளைக்கு என்னாச்சு, தண்ணி வரப்போகுதுன்னு பாத்தா" என்றார்கள். அப்பா வந்தார்.

"என்னம்மா இது, ஆளுங்க வேலக்கி வந்திருக்காங்க. எறங்கு."

"அன்னைக்கு நீங்க தோண்டினதாலதான்பா தண்ணி போச்சு."

இருபது பேர் முன்னால் சொன்னேன். அன்றைக்கும் அதே இருபது பேர்தான் இருந்திருப்பார்கள். அப்பாவின் முகம் மாறியது.

"நான் கேட்டேன்ல? எல்லாருக்கு முன்னாடியும் ஒன்னயத்தானே கேட்டேன்? நீதானே தலயாட்டுன?"

"ஆமாப்பா. தெரிஞ்சேதான் தலையாட்டினேன். பேச பயமா இருந்துச்சு."

உன் அம்மா அதைக் கேட்டார். கையிலிருந்த துணியை அவர் பிழியாமலே கல்லில் வைத்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என்ன ஒன்னய அடிச்சா போட்டிருப்பேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு அப்பா லயத்துப் பக்கம் போய்விட்டார். இன்றும் என்னோடு பேசவில்லை.

பாஸ் பொறியியலாளருக்கு அழைத்துப் போனை என்னிடம் தந்தார்.

"பிள்ளை, நீர் அங்கை என்ன செய்யிறீர்?"

"நிக்கிறேன் சேர்."

"அது விளங்குது. ஏன்?"

"குழி லயத்துக்கு மேல இல்ல சேர். மலைக்கு அந்தப் பக்கத் தட்டுல இருக்கு. கீழ வீடு இல்ல. பாறை இந்தப் பக்கம் சாயுது. நீங்க வந்து பாருங்க. வந்து பாக்காம தோண்டாதீங்க." ஒரே மூச்சில் சொன்னேன். பஸ் ஜன்னலிடம் அத்தனை நாள் சொன்னது.

"திங்கட்கிழமை வாறன். அதுவரைக்கும் தொட வேண்டாம் எண்டு அவையிட்டைச் சொல்லும். ஆனா பிள்ளை, பார்த்திட்டு எனக்குத் தோண்டுறதுதான் சரி எண்டு பட்டா, தோண்டுவன்."

"சரி சேர்."

அவர்கள் போன பிறகு மலையேறிப் பார்த்தேன். பதினொன்றில் ஏழு குழி மண் மூடிவிட்டது. நாலில் தண்ணீர் நிற்கிறது. உன் நீளத்துக்கு, முழங்கால் ஆழத்துக்கு, வானம் தெரிகிறது. திரும்பி வந்து இந்த வாளியைப் பீலியில் வைத்தேன். போனில் செக்கன் ஓடவிட்டுக் கல்லில் வைத்துவிட்டு, எழும்பி நின்று, இரண்டு கையாலும் காற்றில் பறித்தேன். நான் ஒரு நாளும் கொழுந்தெடுத்ததில்லை. அப்பா மலைக்கு விடவே இல்லை. ஆனால் உன் பக்கத்தில் எத்தனையோ சனிக்கிழமை நின்று உன் உதட்டைப் பார்த்திருக்கிறேன். கோடு தொட்டபோது நூற்றிரண்டு. அது உன் நூற்றிரண்டா என் நூற்றிரண்டா என்று எனக்குத் தெரியாது. உன் அம்மா மட்டும் துணியைப் பிழிந்துகொண்டே, "கொஞ்சம் வெரசா போற. அவ இவ்வளவு அவசரப்பட மாட்டா" என்றார்.

திரும்ப வைத்து எண்ணினேன். தொண்ணூற்றொன்று. "இப்ப சரி" என்றார். அதற்குப் பிறகுதான் வாளியைக் கேட்டேன்.

நாளைக்கு லீவு கேட்டு மேலதிகாரிக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன். காரணம் என்ன என்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் எழுதவில்லை. பொறியியலாளர் தோண்டத்தான் வேண்டும் என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. காலையில் அவருக்கு முன்னால் போய், வாளியையும் கொப்பியையும் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் இருப்பேன். உன் அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவர் என் வேகத்தையும் செக்கனையும் பார்க்கட்டும், உன் ஒரு பிடி எத்தனை செக்கன் என்று அப்போது தெரியும். நான் பக்கத்தில் நின்று, அவசரப்படாமல், பிடி எண்ணுவேன்.